கொள்ளு விளைந்த தரிசு

எங்கள் ஊர் ஏரிக்கு மேற்கே, பிள்ளைப்பாக்கம் போகும் வண்டிப் பாதையை ஒட்டி ஒரு சரளை மேடு உண்டு. என் வீட்டு வாசலிலிருந்து நாலாயிரத்து இருநூறு காலடி. மேய்க்கால் புறம்போக்கு, அதாவது ஆடு மாடு மேய்வதற்காக சர்க்கார் விட்டு வைத்த நிலம். ஐப்பசி மழை அந்தச் சரளைக்குள் இறங்கி, கசிந்து, ஓடையாகி ஏரிக்கு வரும். ஏரி நிறைந்தால்தான் கடைமடையில் இருந்த என் ஒரு ஏக்கருக்குத் தண்ணீர். ஒரு சாண் குறைந்தாலும் எனக்கு முன்னால் இருக்கிறவர்களோடு சரி. ஆகையால் அந்த மேட்டின் மேல் எனக்கு இருந்த அக்கறையை இயற்கையின் மேலுள்ள அன்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எழுபதுகளின் நடுவில் நான் பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியர். என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். எங்கள் ஊர்க் கர்ணத்துக்குக் கண்ணில் புரை. வருஷா வருஷம் அவர் நிலம் நிலமாக நடந்து, எங்கே என்ன பயிர், எத்தனை மரம் என்று பார்த்து அடங்கல் எழுத வேண்டும். அவர் நடந்து வருகிற இடம் என் வீடு. மோர் குடித்துவிட்டு, "போன வருஷத்தப் பாத்து அப்படியே எழுதிடுங்க வாத்தியாரே" என்பார். அதுவரை அப்படிப் பதினோரு வருஷம் எழுதியிருந்தேன்.

மேட்டுக்கு எதிரே எழுத வேண்டியது ஊருக்கே மனப்பாடம்: தரிசு, மரம் இல்லை, பயிர் இல்லை. உண்மையில் பதினேழு குடும்பங்கள் அங்கே கொள்ளு விதைத்தன. புறம்போக்கில் பயிர் என்று எழுதினால் அபராதம் வரும். பனைமரம் என்று எழுதினால் யார் ஏறுகிறார்கள் என்று கேள்வி வரும். ஒன்றுமில்லை என்று எழுதினால் ஒன்றும் வராது. தை மாதம் வீட்டுக்கு ஒரு படியாகப் பதினேழு படி கொள்ளு மட்டும் எனக்கு வரும். விளையாத அந்தக் கொள்ளில் என் மனைவி வாரம் இரண்டு நாள் ரசம் வைத்தாள்.

ஒரு புரட்டாசியில், தொழிற்சாலைக்குப் போடும் சாலைக்குச் சரளை வேண்டும் என்று மேட்டை வெட்டி எடுக்க ஒருவர் குத்தகை கேட்டார். சாவடிச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். நிலத்தின் தன்மை: பயனற்ற தரிசு, மரமில்லை, பயிரில்லை. ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளுக்குள். மேட்டைக் கண்ணால் பார்க்காத எவனோ ஆபீசில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான் என்று நான் மூன்று பேரிடம் பொரிந்து தள்ளினேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை மேட்டுக்குப் போய் எண்ணினேன். பனை அறுபத்தொன்று. ஈச்சம்புதர் நூற்றுப் பதினான்கு. களாக்காய்ச் செடி எண்பத்தெட்டு. முள் குத்தியதால் அதற்கு மேல் எண்ணவில்லை. கௌதாரி ஒன்பது பார்த்தேன். ஒன்றையே இருமுறை பார்த்திருக்கலாம் என்பதால் எட்டு என்று போட்டேன். மேய்ந்த ஆடு இருநூற்றுப் பன்னிரண்டு. கொள்ளையும் மறக்காமல் சேர்த்து எட்டுப் பக்கத்தில் மனு எழுதினேன். ஊரில் நாற்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் படிக்கவில்லை.

விசாரணைக்கு வருவாய் ஆய்வாளர் சைக்கிளில் வந்தார். சாவடி வாசலில் உட்கார்ந்து, அடங்கலையும் மனுவையும் அருகருகே விரித்தார்.

"மனு யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"எழுத்து நல்லா இருக்கு. அடங்கல்லயும் இதே எழுத்துதான் நல்லா இருக்கு."

கர்ணம் தன் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

"பதினோரு வருஷமா ஒரு மரம் இல்ல. ரெண்டு ஞாயித்துக்கெழமையில அறுபத்தோரு பனை வந்துடுச்சி. இன்னா உரம் போட்டீங்க?" பின்னால் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அடங்கல் நெசம்னா குவாரி வரும். மனு நெசம்னா கொள்ளு போட்ட அத்தினி பேருக்கும் நான் நோட்டீஸ் எழுதணும். எது பொய்னு நீங்களே சொல்லுங்க."

எனக்கு வருஷந்தோறும் நடவுக்கு ஆள் கூட்டி வருகிறவர், அவரும் பதினேழில் ஒருவர், என் காதருகே குனிந்தார்.

"மனு சும்மா தமாசுக்கு எழுதினேன்னு சொல்லிடு வாத்தியாரே."

"மேடு போனா ஏரி நெறையாதுப்பா."

"நெறையலன்னா உன் கயினிக்குத்தான் தண்ணி இல்ல. என்து மதகாண்ட கீது."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான் எழுந்து, அடங்கல்தான் பொய் என்றேன்.

ஆய்வாளர் அங்கேயே பதினேழு நோட்டீஸ் எழுதினார். கார்பன் தாள் தீர்ந்து போக, பள்ளிக்கூடத்திலிருந்து நான்தான் நாலு தாள் கொண்டு வந்து கொடுத்தேன். கர்ணத்துக்குத் தனியாக ஒரு மெமோ. எனக்கு ஒன்றுமில்லை. அடங்கலில் என் எழுத்து இருந்ததே தவிர என் பெயர் எங்கும் கிடையாது.

ஆக்கிரமிப்பு உள்ள நிலம் என்று காகிதத்தில் ஏறிவிட்டால், காலி செய்யாமல் குத்தகைக்கு விட முடியாதாம். காலி செய்ய ஆபீசில் யாருக்கும் அவசரமில்லை. குத்தகை கேட்டவர் ஒரு மாதம் பார்த்துவிட்டு வேறோர் ஊர் மேட்டுக்குப் போய்விட்டார். அந்த ஊர் அடங்கலை யார் எழுதினார்களோ. ஆக, எங்கள் மேட்டைக் காப்பாற்றியது என் எட்டுப் பக்கம் அல்ல, அந்தப் பதினேழு பேர் மேல் விழுந்த அபராதம். இதை விளக்க நான் ஆறு வீட்டுக்குப் போனேன். ஆறிலும் வாசலோடு சரி.

கார்த்திகையில் ஏரி நிறைந்து, மிகுதித் தண்ணீர் கலங்கல் மேல் வழிந்தது. என் ஏக்கரில் கணுக்கால் தண்ணீர். மார்கழியில் நடவுக்கு ஆள் கேட்டுப் போனேன். நடுகிற பெண்கள் இருபத்திரண்டு பேரும் அந்தப் பதினேழு வீட்டுக்காரர்கள்.

"எங்க வூட்டு ஆம்பள தாலுக்கா ஆபீசுக்கு நடந்துகினு கீறாரு. நான் உன் கயினிக்கு நடக்கணுமா?" என்றாள் ஒருத்தி.

"எண்ணத் தெரிஞ்ச கைக்கு நடத் தெரியாதா?" என்றாள் இன்னொருத்தி.

நானும் என் மனைவியும் நட்டோம். நாலாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, நடவுக்கு ஆள் கூட்டி வருகிறவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ தெரியவில்லை.

"கோணலா போவுது," என்றார். "அஞ்சாவது வரிசையிலேர்ந்து."

இறங்கி வரவில்லை. எண்ணிப் பார்த்தேன். ஐந்தாவதுதான். பிடுங்கி மறுபடி நட்டோம்.