வரிசை பிடித்து வந்த அம்மாள்

கொக்கட்டிச்சோலைப் பக்கம் கலியாணத் தரகர் நல்லரத்தினத்தைத் தெரியாதவர் இல்லை. ஐம்பதுக்கு இன்னும் ஒரு வயதுதான் பாக்கி. இதுவரை நூற்றுப் பன்னிரண்டு சோடிகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். யார் எந்தக் குடிவழி, மாப்பிள்ளை குடிப்பாரா என்பதெல்லாம் அவருக்கு நாக்கு நுனியில். ஊருக்கெல்லாம் பந்தல் போட வைத்த மனிதர், தன் வீட்டு வாசலில் மட்டும் ஒரு வாழைமரம் கட்டியதில்லை.

எல்லாம் கன்னம் செய்த வேலை. ஊரார் அம்மாள் வருத்தம் என்று சொல்லும் கொப்புளிப்பான் அம்மை பன்னிரண்டு வயதில் அவருக்கு வந்தது. சொறியாதே என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் சொறிந்தார். இரண்டு கன்னமும் குழி குழியாய்ப் போயிற்று. பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் தேத்தண்ணி தந்தார்கள், பதில் தரவில்லை. நாலாவது வீட்டுக்கு அவரே போகவில்லை.

தொழிலில் அவருக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. எந்தப் படம் வந்தாலும் போனில் போட்டு மினுக்கித்தான் அடுத்த வீட்டுக்கு அனுப்புவார். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய் என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். இது அந்த ஆயிரத்தில் ஒன்று.

ஆரையம்பதி உதயரூபன், ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்யும் தன் தங்கை தக்ஷாயினிக்கு இடம் பார்க்கச் சொன்னான். அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. முன்பு ஒருதரம் அந்த வீட்டில் ஒரு கலியாணம் பேசி முடித்தவரும் இவர்தான், ஆனால் தரகரின் முகத்தை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்? நல்லரத்தினம் பத்து மாப்பிள்ளைகளின் படங்களை அனுப்பினார். பதினோராவதாகத் தன் படத்தையும் அனுப்பினார். ஏன் அனுப்பினார் என்று அவருக்கே தெரியாது. கை தானாகப் போயிற்று, மினுக்கவும் தானாகவே போயிற்று. மூன்றாம் நாள் பதில் வந்தது. பதினோராவது படம் பிடித்திருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரட்டாம்.

மனிதர் படத்தையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் இருந்த கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கும். கண்ணாடியில் இருந்ததோ பழைய கன்னம். ஞாயிறுக்குள் ஒன்று மற்றதைப் போல ஆக வேண்டும். வியாழக்கிழமை, ஒரு இடம் பார்த்து வருகிறேன் என்று அக்கா சீதேவியிடம் சொல்லிவிட்டு, மண்முனைப் பாலத்தைத் தாண்டி மட்டக்களப்பு டவுனில் ஒரு தோல் கிளினிக்கில் போய் உட்கார்ந்தார்.

டொக்டர் பொறுமையான பெண். மயிரிழை ஊசிகள் வரிசையாகத் தோலுக்குள் இறங்கும், நுனியில் ரேடியோ அலையின் சூட்டை விட்டுவிட்டு மேலே வரும், அந்தச் சூட்டில் உள்ளே புது இழை வளர்ந்து தோல் இறுகும், குழியும் ஓரளவு மேடேறும் என்று விளக்கினார்.

"மூண்டு தரம் செய்ய வேணும் ஐயா. பலன் மாசக் கணக்கிலதான் தெரியும்."

"ஞாயிற்றுக்கிழமைக்கு ஒண்டும் தெரியாதா?"

"தெரியும். சிவப்பாத் தெரியும்."

டொக்டர் பகிடி விடுகிறார் என்று நினைத்து நல்லரத்தினம் சிரித்தார். மூன்று தரத்துக்கும் திகதி பதிந்தார். மரத்துப்போகும் கிறீம் பூசி முக்கால் மணி நேரம் இருந்தார். பிறகு மெஷின் டக், டக் என்று கன்னத்தில் இறங்கியது. சில நாளைக்கு வெயிலில் போகாதீங்க, தந்த மருந்தைத் தவிர ஒன்றும் பூசாதீங்க என்று சொல்லி அனுப்பினார்கள்.

வெள்ளி காலை தேத்தண்ணியோடு வந்த சீதேவி, தம்பியின் முகத்தைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே போட்டாள்.

"அம்மாளாச்சி தாயே! வந்திட்டாவே!"

கன்னம் இரண்டும் வீங்கி, செக்கச் சிவந்து, புள்ளி புள்ளியாய் இருந்தது. நல்லரத்தினம் வாயைத் திறந்தார். நூற்றுப் பன்னிரண்டு கலியாணத்துக்குப் பொய் சொன்ன வாய்க்கு அன்றைக்குப் பொய்யும் வரவில்லை, மெய்யும் வரவில்லை. அரை மணியில் வாசல் கடப்படியில் வேப்பிலை தொங்கியது. வீட்டில் தாளிப்பு நின்றது, மீன் நின்றது. அக்கா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக்கொண்டு வர, அவர் கட்டிலைச் சுற்றி ஓடித் தப்பினார். வெயிலில் போகக்கூடாது என்ற ஒரு விஷயத்தில் மட்டும் அம்மாளும் டொக்டரும் ஒரே கட்சி.

பின்னேரம், சேதி கேள்விப்பட்டு உதயரூபன் போன் எடுத்தான். "அம்மாள் வந்த வீட்டில இப்ப நல்ல காரியம் கதைக்க ஏலாதானே. பொறகு பாப்பம்."

பொறகு பாப்பம் என்றால் என்ன அர்த்தம் என்று நல்லரத்தினத்துக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. எத்தனை பேருக்கு அவரே அதைச் சொல்லியிருப்பார்! அன்றிரவு முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தார். இந்த வயதில் எனக்கு எதற்கு இந்த ஆசை என்று தன்னையே ஏசினார்.

சனிக்கிழமை கடப்படியில் மோட்டார் சைக்கிள் நின்றது. உதயரூபன் வேப்பிலையைக் கண்டு அங்கேயே நின்றுகொண்டான். தக்ஷாயினி கையில் இரண்டு இளநீரோடு நேரே உள்ளே வந்தாள்.

"பயப்படாதீங்க அக்கா, எனக்குச் சின்னனிலயே வந்து போயிட்டு. ஒருக்காப் பாத்திட்டுப் போறன்" என்று சீதேவியிடம் சொல்லிவிட்டு, கட்டில் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். பார்த்தவள் நிமிரவில்லை.

"இதென்ன, வரிக்கு ஏழு புள்ளி. அம்மாள் இப்பிடி நூல் பிடிச்சு வரமாட்டாவே?"

நல்லரத்தினம் போர்வையை மூக்குவரை இழுத்தார்.

"உங்களுக்கும் சின்னனில வந்ததுதானே? அந்தக் குழிக்குத்தானே ஊசி போட்டிருக்கீங்க?"

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? படத்தை மினுக்கியது, கிளினிக் போனது, அக்காவுக்குச் சொன்ன பொய், எல்லாவற்றையும் கொட்டினார்.

"அந்த வழுவழு முகத்தைப் பாத்து நான் ஓம் எண்டு சொல்லல்ல" என்றாள் தக்ஷாயினி. "ஆறு வருசத்துக்கு முதல் எங்கட தங்கச்சிட கலியாணம் நீங்கதானே பேசினீங்க. அண்டைக்குக் கடைசிப் பந்தியில சோறு முடிஞ்சிட்டு. நீங்க வெறும் வயிறு. எங்கட அம்மா வந்து கேக்கக்குள்ள, வயித்தைத் தடவிக்கொண்டு, 'ரெண்டு தரம் சாப்பிட்டன் தாயே' எண்டீங்க. எனக்கு இந்தக் குழியெல்லாம் அண்டைக்கே தெரியும்."

சொன்ன பொய்களில் அப்படி ஒன்று இருந்ததே அவருக்கு மறந்துபோயிருந்தது. அழக்கூடாது என்று நினைத்தார், முடியவில்லை. கண்ணீர் பட்டு ஊசி போட்ட இடமெல்லாம் காந்தியது.

"இன்னும் ரெண்டு தரம் பதிஞ்சிட்டன்" என்றார், வேறொன்றும் சொல்லத் தோன்றாமல்.

"அதில ஒண்டை எனக்கு மாத்தித் தாங்க. கண்ணுக்குக் கீழ எனக்கும் தளர்ந்துதான் கிடக்கு."

இவ்வளவையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட சீதேவி தலையை நீட்டினாள். தம்பியை அடிப்பதா கும்பிடுவதா என்று அவளுக்கு விளங்கவில்லை.

"அப்ப நான் வேப்பிலையை அவுக்கவா?"

"கிடக்கட்டும் மச்சாள்" என்றாள் தக்ஷாயினி. "வாழைமரம் கட்டக்குள்ள அவுப்பம்."