வீட்டாளா, வெளியாளா

நிலத்தில் போடுகிற செலவு என்ன, வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆகிற செலவு என்ன, அரசாங்க உதவியில் எது கைக்கு வந்து சேர்கிறது என்று ஊர் ஊராகப் போய் விவசாயக் குடும்பங்களைக் கேட்டு எழுதுவது என் வேலை. ஆராய்ச்சி என்று பெயர். யாரோ எங்கேயோ மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அதை வைத்துக் கட்டுரை எழுதுவார்கள்; வெயிலில் அலைவது நாங்கள். கீழ்பென்னாத்தூர் பக்கத்து நாய்கள்கூட என்னைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டன.

இந்த வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் சொல்லிக்கொடுப்பது, குடும்பம் என்றால் என்ன என்பதை. ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். கூரை ஒன்றாக இருக்கலாம், நிலம் ஒன்றாக இருக்கலாம், வயிற்றில் பிறந்த பிள்ளையாகவே இருக்கலாம். அடுப்பு வேறென்றால் குடும்பம் வேறு. இதில் எனக்கு எந்தச் சிக்கலும் இருந்ததில்லை. எத்தனையோ மாமியார் மருமகளைச் சண்டையே இல்லாமல் இரண்டு குடும்பமாகப் பிரித்து எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில். நான் வேலைக்காக வேங்கிக்காலில் வாடகைக்கு இருக்கிறேன். ஊரில் அம்மாவும் தம்பியும் தம்பி மனைவியும். அப்பா போய்ச் சில வருஷம் ஆகிறது. இருக்கிற கொஞ்ச நிலத்தில் தம்பி மல்லாட்டை போடுகிறான். நிலக்கடலை என்று சொன்னால் எங்கள் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அம்மாவுக்கு முதியோர் பென்ஷன் வாங்கித் தர வேண்டும் என்று ஆரம்பித்தவன் தம்பிதான். பிள்ளையின் ரேஷன் கார்டில் பேர் இருந்தால் கிடைக்காது, அம்மா தனியாகப் பொங்கிச் சாப்பிடுவதாகக் காட்டித் தனி கார்டு வாங்க வேண்டும் என்று ஊரில் பேச்சு. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இந்த நாடகம் நடந்திருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கூரை இறக்கிய சாய்ப்பில் ஒரு மண் அடுப்பைப் போட்டான். தாலுகா ஆபீஸிலிருந்து பார்க்க வருகிறவர்கள் புது அடுப்பு என்று கண்டுபிடித்துவிடக் கூடாதே, சுவரில் கரி ஏற வேண்டும். அதற்காக அம்மா நாலு நாள் அங்கேயே பொங்கட்டும் என்று ஏற்பாடு.

அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. உயிரோடு இருக்கும்போதே என்னைத் தள்ளி வைக்கிறீர்களா என்று கேட்டாள். தம்பி சிரித்தான். சும்மா நடிப்புக்குத்தானம்மா, பார்த்துவிட்டுப் போன மறுநாளே இடித்துவிடுகிறேன் என்றான். நானும் தலையாட்டினேன். கிடைக்கிற உதவியை ஏன் விட வேண்டும்?

பார்க்க வர வேண்டியவர்கள் வரவில்லை. இன்றைக்கு வருகிறார்கள், நாளைக்கு வருகிறார்கள் என்று நாலு நாள் ஒரு மாதம் ஆனது, அதற்கு மேலும் போனது. முதலில் தம்பி மனைவி தினமும் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தாள். கிண்ணத்தைச் சும்மா திருப்பித் தரக் கூடாதென்று அம்மா அதில் ஒரு பிடி கீரையாவது வைத்துத் தந்தாள். பிறகு கிண்ணம் போவது குறைந்தது. யாரும் யாரோடும் ஒரு வார்த்தை தடித்துப் பேசவில்லை. ஒருநாள் போயிருந்தபோது அம்மா எனக்குத் தன் சோற்றைப் போட்டாள், தம்பி மனைவி தன் சோற்றைப் போட்டாள். இரண்டு வீட்டு விருந்தாளியாகச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஒருவழியாக வந்து பார்த்தார்கள். கார்டும் வந்தது, பென்ஷனும் வந்தது. தம்பி கையில் கடப்பாறையோடு சாய்ப்புக்குப் போனான். அன்று நானும் அங்கேதான் இருந்தேன். அம்மா அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இருக்கட்டும்டா. பசிச்சா ரெண்டு பிடி போட்டு நானே பொங்கிக்கிறேன். யாரு எப்ப வருவாங்கனு வாசலப் பாத்துக்கினு உக்கார வேணாம்."

தம்பி மனைவி கெட்டவள் இல்லை. காலையில் நூறு நாள் வேலைக்குப் போகிறவள். பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதையில் அவித்த மல்லாட்டை விற்க இருவரும் போய்விடுவார்கள். கூட்டம் ஓயாமல் திரும்ப முடியாது. தனி அடுப்பு வரும் முன்பெல்லாம் வீட்டில் அம்மா காத்திருப்பாள். மருமகள் வந்து அடுப்பில் கை வைக்கும் முன் மாமியார் தொடக் கூடாது என்று அம்மா தானாகவே ஒரு ஒழுங்கு வைத்திருந்தாள். சாப்பிட்டாயா என்று போனில் கேட்டால் ஆச்சு என்பாள். எத்தனை 'ஆச்சு' வெறும் வயிற்றில் சொன்னதோ, யாருக்குத் தெரியும்!

தம்பி மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு அழுதாள். நான் இன்னா மாமா கொற வச்சேன் என்று கேட்டாள். நீ ஒரு குறையும் வைக்கவில்லை என்றேன். அது உண்மைதான், அதனால்தான் இன்னும் பாவமாக இருந்தது. தம்பி கடப்பாறையை மூலையில் சாத்தினான்.

அப்புறம்தான் எங்கள் ஊரே எங்கள் ஆராய்ச்சிக்குள் வந்தது. குலுக்கலில் விழுந்த வீடுகளில் தம்பி வீடும் ஒன்று. சொந்த வீட்டை நான் எழுதக் கூடாது என்பது விதி, அதனால் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்மணி வந்தார். நான் வழி காட்டப் போனதோடு சரி, வாயைத் திறக்கக் கூடாது. விதைக்கிற சமயம். விதைக்கான மல்லாட்டையை மெஷினில் போட்டால் தோல் போய்விடும் என்று எங்கள் பக்கம் இன்னும் கையால்தான் உடைப்பார்கள். அம்மா ஒரு குவியலுக்குப் பக்கத்தில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தாள். வருஷா வருஷம் அவள்தான் உடைப்பாள். அடுப்பு பிரிந்த பிறகும் அது மாறவில்லை.

அந்தப் பெண்மணி ஏர், எரு, மருந்து என்று வரிசையாகக் கேட்டு வந்து விதை உடைத்த கூலியில் நின்றார். வீட்டாள் உழைப்புக்கு ஒரு கணக்கு, வெளியாள் கூலிக்கு வேறு கணக்கு. தனி உலை என்றால் வெளியாள். இதை நானே எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். அம்மா தனியாகப் பொங்குவதைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர், கொஞ்சம் தயங்கி, தம்பியிடம் கேட்டார்.

"அம்மாவுக்கு கூலி எவ்ளோ குடுத்தீங்க?"

தம்பி முகம் செத்துப்போனது. அம்மாவுக்குப் போய் யாராவது கூலி கொடுப்பார்களா என்றான். அப்படியானால் வீட்டாள் என்று எழுதிக்கொள்ளவா என்று அவர் கேட்டார். தம்பி வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவன் மனைவி வந்துவிட்டாள். அவுங்க எங்க ஊட்டு மனுஷிதாங்க, அப்படியே எழுதிக்கோங்க என்றாள். எனக்கு மனசுக்குள் அப்பாடா என்று இருந்தது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எல்லாரும் இத்தனை நாள் காத்திருந்தோம் என்று தோன்றியது.

அம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"நா வெளியாளுதாம்மா. ஊருல இன்னா கூலியோ, அத எழுதிக்கோ."

பெண்மணி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தம்பி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். அவர் மீதிக் கேள்விகளை வேகமாக முடித்துக்கொண்டு கிளம்பினார். தம்பி மனைவி கொண்டுவந்த காபி அப்படியே ஆறிப்போயிருந்தது.

அம்மா பயந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பேப்பரும் கையுமாக வந்தால் சர்க்கார் ஆள், ஒரே குடும்பம் என்று எழுதிவிட்டால் பென்ஷன் நின்றுவிடும் என்று பயந்துதான் அப்படிச் சொல்லியிருக்கிறாள். வேறென்ன இருக்க முடியும்? பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக எடுத்துச் சொன்னேன். இது வெறும் ஆராய்ச்சி அம்மா, இதில் எதை எழுதினாலும் உன் கார்டுக்கும் பென்ஷனுக்கும் ஒன்றும் ஆகாது, வீட்டாள் என்றே சொல்லியிருக்கலாம் என்றேன்.

"தெரியும்டா. நீ பாக்கற வேலதான அது. எனக்கு இன்னாத்துக்குப் பயம்? ஒருத்தர் கையப் பாக்காம நானே பொங்கித் துன்றேன், அத எழுதட்டும்."

சொல்லிவிட்டு இன்னொரு கை மல்லாட்டையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். தம்பி எங்கேயும் போயிருக்கவில்லை, வாசலுக்கு வெளியே சுவரோரமாக, காது கேட்கிற தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.