கன்னி மூலைச் சுவர்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று சொன்ன மகான், கட்டி முடித்த வீட்டைப் பின்பக்கமாகப் போய்ப் பார் என்று சொல்லாமல் விட்டுவிட்டார். நான் போய்ப் பார்த்தேன். கல்கிசையில் நாங்கள் கட்டிய புது வீட்டில், படுக்கையறை யன்னலின் கீழ் மூலையிலிருந்து ஒரு வெடிப்பு, செங்கற்களின் இடுக்கு வழியே படிப்படியாக இறங்கி நிலம்வரை போயிருந்தது. குடிபுகுந்து மூன்றாவது மாதம். முதல் பெருமழை விட்ட காலை.

வெளிச்சுவரைப் பூசாமல் செங்கல் தெரிய விடவேண்டும் என்பது என் கணவரின் ஆசை. வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் இருபத்தாறு வருடம் இருந்த மனிதர் அவர். யன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக் குசினியும் அவர்களுடைய மீன் பொரியலும்தான். அந்தப் பிளாட்டை விற்றுத்தான் இதைக் கட்டினோம். போய் இருக்க வேறு இடம் எங்களுக்குக் கிடையாது.

வெடிப்பு ஏன் வந்தது என்று எனக்கு அந்தக் காலையிலேயே தெரியும்.

காணி வாங்கிய கையோடு அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. இதயக் குழாயில் அடைப்பு எடுத்தார்கள். இரண்டு மாதம் வீட்டை விட்டு வெளிக்கிடக்கூடாது என்றார்கள். வேலையை நான்தான் நின்று பார்த்தேன். பின்மூலையில் பற்றையை வெட்டியபோது, மேலே கொங்கிரீட் போட்டு மூடிய பழைய கிணறு ஒன்று அகப்பட்டது. வீட்டுக்கு வாஸ்து, நிலையம் பார்த்துத் தந்த சாத்திரியாரிடம் கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன். எஞ்சினியர் கீறித் தந்த வீட்டுப் படத்தை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது தென்மேற்கு, கன்னி மூலை. அதில பள்ளம் இருந்தா வீட்டுத் தலைவனுக்கு ஆகாது பிள்ளை. கிணத்தை நிரப்பிப்போட்டு மேலே பாரத்தை ஏத்துங்கோ. தலைவன்ரை படுக்கையறை அங்கைதான் வரவேணும்."

அடைப்பு எடுத்த மனிதனை வீட்டில் படுக்க வைத்துவிட்டு இதைக் கேட்கிற பெண்ணுக்கு மண்ணைப் பற்றியும் அத்திவாரத்தைப் பற்றியும் யோசனை வருமா? எனக்கு வரவில்லை. நல்லநாள் பார்த்து, பாலும் மஞ்சள் தண்ணீரும் ஊற்றி, காணியில் முன்பு நின்ற பழைய வீட்டை உடைத்த கல்லையும் மண்ணையும் போட்டுக் கிணற்றை நிரப்பச் சொன்னேன். கட்டட வேலையை எடுத்துச் செய்த மேசன் பாஸ் சிங்களவர். எங்கள் தமிழைத் தன் பாட்டுக்குப் பேசுவார்; அவருக்கு நான் நோனா, ஆம்பிளைகள் எல்லாம் மாத்தயா. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நோனா, எஞ்சினியர் மாத்தயாட்ட சொல்லுங்க. கிணறு மூடின இடம் இறங்கும்."

"நான் சொல்லுறன். நீங்கள் வேலையைப் பாருங்கோ, பாஸ்."

நான் சொல்லவில்லை. சொன்னால் எஞ்சினியர் அறையை மற்றப் பக்கம் மாற்றிவிடுவார் என்று பயம். அடுத்த கிழமை அந்த எஞ்சினியர்ப் பிள்ளை வந்து நிலத்தைப் பார்த்து, "அன்ரி, இதில முந்திக் குழி, கிணறு ஏதும் இருந்ததோ?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டது. "இல்லைத் தம்பி" என்றேன். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல்தான் சொன்னேன். இவருக்கும் சொல்லவில்லை. நெஞ்சு வருத்தக்காரனிடம் கன்னி மூலைக் கதையைச் சொல்வதா? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை அங்கேதான் தொடங்கியது.

வெடிப்புக் கண்டதும் பாஸைக் கூப்பிட்டோம். அவர் வந்து சீமெந்து வைத்து அடைத்தார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இவரோடு கேற்றடிக்கு நடந்தார். ஒரு மாதத்தில் அந்தச் சீமெந்தும் பிளந்தது. பிறகு என் கணவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் பென்சிலோடு பின்பக்கம் போவார். வெடிப்பு எதுவரை வந்திருக்கிறது என்று கல்லில் கோடு போடுவார். தேத்தண்ணியோடு போகிற என்னிடம் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான்.

"இது ஏன் இப்பிடி வெடிக்குது?"

"கடல் காத்து."

"மழை."

"இந்தக் காலத்துச் செங்கல் சரியில்லை."

இப்படி ஒவ்வொரு ஞாயிறும் வாயில் வந்ததைச் சொன்னேன். எஞ்சினியரைக் கூப்பிடுவோமா என்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. எட்டு மாதம். அறைக்கதவு இறுகி மூட மறுத்தது. வெடிப்புக்குள் என் சுண்டுவிரல் போனது. இரவில் நித்திரை இல்லை. எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

உள்பக்கத்திலும் பூச்சுப் பெயர்ந்து கட்டிலில் விழுந்த அன்றுதான் எஞ்சினியருக்குச் சொன்னோம். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். குந்தியிருந்து அத்திவாரத்தைப் பார்த்தார். பிறகு அன்றைக்குக் கேட்ட அதே கிணற்றுக் கேள்வியை என்னிடம் கேட்டார். இவர் பக்கத்தில் நிற்கிறார். இனி மறைத்து என்ன, வீடு தலையில் விழப்போகிறது.

"ஓம் தம்பி. கிணறு இருந்தது. நான்தான் மூடுவிச்சனான்."

எஞ்சினியர் எழும்பிக் கையைத் தட்டிக்கொண்டார். "முதல் வெடிப்பிலேயே தெரிஞ்சிருந்தா கீழே கொங்கிரீட் இறக்கிப் பிடிச்சிருக்கலாம் அன்ரி. இப்ப அத்திவாரத்துப் பீமும் விட்டிட்டுது. இந்தப் பக்கம் முழுக்க உடைக்கவேணும். மிச்சம் நிக்குமோ எண்டு உடைச்ச பிறகுதான் சொல்லலாம். இண்டைக்கே வெளிக்கிடுங்கோ."

அவரை அனுப்பிவிட்டு, கேற்றைச் சாத்திக்கொண்டு இவர் உள்ளே வந்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசட்டும் என்றுதான் இருந்தது.

"கிணத்து விஷயம் எனக்குத் தெரியும்" என்றார். "சீமெந்து வைக்க வந்த அண்டே பாஸ் சொல்லிப்போட்டார்."

எனக்கு உடனே விளங்கவில்லை. "அப்ப ஏன் நீங்கள் எஞ்சினியரைக் கூப்பிடேல்லை?"

"நீர் சொல்லுவீரெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். எட்டு மாதம் ஞாயிறு தவறாமல் என்னைக் கேட்டிருக்கிறார். நான் கடல் காற்று என்று சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்றுதான் மூடினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அலுமாரியைத் திறந்து, தன்னுடைய உடுப்புகளை மட்டும் எடுத்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.