உப்புக் கரித்த டிராக்டர்

அந்த டிராக்டரின் பின்பக்கத்தில் நான் எதைப் பார்த்தேன், எதைப் பார்க்காமல் விட்டேன் என்பது இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. நடந்ததை வரிசையாக எழுதினால் ஒருவேளை பிடிபடலாம்.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். வேதியியல் படித்தவன். பச்சைத் தோலில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சோதிப்பது என் வேலைகளில் ஒன்று. ஓய்வுபெற்ற பின், அணைக்கட்டுப் பக்கம் எங்களுக்கிருந்த மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்துக்குத் திரும்பினேன். அதை வெகுகாலமாகப் பாதி வாரத்துக்கு உழுது வந்தவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். விளையும் நிலக்கடலையில் பாதி எங்களுக்கு, பாதி அவருக்கு. அந்தப் பாதியில்தான் அவர் வீட்டில் வருடம் முழுக்க உலை கொதித்தது. உழுவதற்கு அவரிடம் ஒரு ஜோடி எருது இருந்தது.

டிராக்டர் ஆசை என்னுடையது. புரோக்கரின் கொட்டகைக்கு அவரையும் அழைத்துப்போனேன். பழைய வண்டிதான், ஆனால் புதிதாகச் சிவப்புப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நின்றது. "ஒரே ஓனரு சார். ஏர் ஓட்டுனதத் தவிர வேற வேலையே பாக்கல" என்றார் புரோக்கர்.

நான் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வண்டிக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கலப்பையை மாட்டும் இடத்தில் பெயிண்டை நகத்தால் சுரண்டி, விரலை நாக்கில் வைத்தார்.

"அண்ணா, கரிக்குதுண்ணா."

"இன்னா கரிக்குது?"

"உப்பு. வாடை வேற அடிக்குது பாரு. இது தோல் லோடு இழுத்த வண்டிண்ணா."

புரோக்கர் கைதட்டிச் சிரித்தார். "டிராக்டர நக்கிப் பாத்து வாங்குற ஆள இப்பத்தான்பா பாக்குறேன்! உழவுக்கு வாங்குறியா, ஊறுகாய்க்கு வாங்குறியா?"

நானும் சிரித்தேன். பிறகு குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல" என்றேன். எனக்குப் பெயிண்ட் வாடைகூட அடிக்கவில்லை. அதிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். தோல் தொழிற்சாலையில் சில வருடம் இருந்தால் மூக்கு மரத்துப்போகும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து வேறு இடம் போகும்போதுதான் நம்மேல் வாடை இருப்பது நமக்குத் தெரியும்.

ஆனால் கண் மரத்துப்போகவில்லையே. போல்ட்டுகளைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. யூரியா சிந்தியிருக்கும் என்றார் புரோக்கர். யூரியா எது, உப்பு எது என்று தெரியாதவனா நான்? அன்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். படித்தவன் சொல்லாததைப் படிக்காதவர் சொல்லிவிட்டார் என்ற எரிச்சலா? சிவப்புப் பெயிண்டா? தெரியவில்லை.

"உனக்கு மாட்ட விட மனசு வரல. அதுக்கு வண்டிமேல பழி போடாத" என்றேன், புரோக்கர் எதிரிலேயே.

அவர் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். வண்டியை வாங்கிவிட்டேன். மறுவாரம் அவர் எருதுகளைப் பொய்கைச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றுவிட்டு வந்தார்.

வண்டிக்குப் புது டயர் போட்டேன். ஒன்பது கொத்துக் கலப்பை வாங்கினேன். வெயிலுக்குத் தகரக் கூரை, கூரைக்குக் கீழே பாட்டுப்பெட்டி, முன்னால் திருஷ்டிக் கயிறு. ஓட்டக் கற்றுக்கொண்டவர் அவர்தான். அவர் ஓட்டும்போது நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆடி மழை ஒரே நாள் பெய்தது. எங்கள் செம்மண்ணில் அந்த ஈரம் மூன்று நாள் தாங்கும், அதற்குள் உழுது கடலை போட்டுவிட வேண்டும். நாலாவது சாலில் வரப்போரம் திரும்புவதற்காகக் கலப்பையைத் தூக்கினார். மடாரென்று ஒரு சத்தம். கலப்பையைப் பிடித்திருந்த இரும்பு, வண்டியின் பின்பக்கத்தில் ஒரு துண்டையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. அவருக்கு அடி படவில்லை.

மெக்கானிக் பாய் வந்து சுத்தியலால் தட்டினார். துரு ஏடு ஏடாக உதிர்ந்தது.

"பெயிண்ட்டுக்குக் கீழ இரும்பே இல்ல சார். தோலுத் தண்ணி சொட்டிச் சொட்டி உப்பே தின்னுடுச்சு. நீங்க தோல் கம்பெனி ஆளுதானே? இது கூடவா தெரியல?"

வண்டி ஓட்டிய பக்கத்து வீட்டுக்காரர்தான் முந்திக்கொண்டு சொன்னார்: "அது மேல நல்லா பெயிண்ட் அடிச்சு வெச்சிருந்தாங்க பாய். யாரு பாத்திருந்தாலும் ஏமாந்துதான் போயிருப்பாங்க."

இல்லை, இவர் அன்றே சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம்.

அந்த மூன்று நாளும் ஊரில் ஒரு டிராக்டர்கூடச் சும்மா இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டேன், "நாளைக்கு சார், நாளைக்கு" என்றார்கள். நாலாம் நாள் மண்ணைக் கிள்ளிப் பார்த்தோம். தூளாகப் போனது. எருது இருந்திருந்தால் ஒரு ஏக்கராவது விதைத்திருப்பார்.

விதைக்காத நிலத்தில் அவருக்கு ஏது பாதி? புரட்டாசியில் அவர் ஆம்பூருக்கு வேலைக்குப் போனார். தோல் மண்டியில் உப்பு உதறும் வேலை.

வண்டியைச் சரிசெய்துவிட்டேன். ஓட்டத்தான் ஆளில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். "வர்ற ஆடிக்கு வந்துடு. முழுசும் நீயே எடுத்துக்கோ, எனக்குப் பங்கு வேணாம்" என்றேன்.

"மாடு இருந்தா வந்துருப்பேண்ணா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

தண்ணீர் கொண்டுவந்த என் மனைவி சொம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போனாள். அவர் அதைப் பார்த்துவிட்டு வாசல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை ஆழமாக இழுத்தேன். எனக்கு ஒன்றுமே அடிக்கவில்லை.

"இன்னாண்ணா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல" என்றேன். அன்று கொட்டகையிலும் அதைத்தான் சொன்னேன்.