ஜமீர் பாயின் புறங்கை

வண்டி வந்து நின்றதும் ஜமீர் அகமது ஓட்டுநரின் முகத்தைப் பார்ப்பதில்லை. நேராகக் குனிந்து, முன் சக்கரத்தின் இரும்பை ஒட்டித் தன் வலது புறங்கையைக் கொண்டுபோகிறார். தொடுவதற்கு முன்பே சூடு பாதி தெரிந்துவிடுமாம். பிறகு தொடுகிறார். அப்படியே அடுத்த சக்கரம், அதற்கடுத்தது. எப்போதும் வலமாகத்தான் சுற்றுவார். எதிரே டீக்கடை வைத்திருக்கும் நஞ்சம்மா, "பாய் கோயில் சுத்தறாரு, யாரும் கூப்புடாதீங்க" என்பாள். நான்கையும் தொட்டு முடித்த பிறகே நிமிர்ந்து கேட்பார்:

"கடைசியா இதுல கை வெச்சது யாரு?"

ஓசூரிலிருந்து தளி போகும் சாலையோரத்தில், தகரக் கூரைக்குக் கீழே அவருடைய ஒர்க் ஷாப். பிரேக் வேலை மட்டும்தான். அதிலும் பிடித்துக்கொண்டு விடாத பிரேக் என்றால் அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கமிருந்தெல்லாம் வண்டிகள் தேடி வரும். அந்த ஒரு கேள்வியை அவர் கன்னடத்திலும் தெலுங்கிலும் பிசிறில்லாமல் கேட்பார். மற்ற பேச்சுக்கு அந்த மொழிகளில் கொஞ்சம் தடுமாறுவார்.

அவருடைய உள்ளங்கை எந்த சோப்புக்கும் மசியாத கறுப்பு. புறங்கையோ கல்யாண மாப்பிள்ளையுடையது போலச் சுத்தமாக இருக்கும். கிரீஸ் பட்டால் சூடு சரியாகத் தெரியாது என்று உடனே துடைத்துவிடுவார். டீ கிளாஸையும் புறங்கையால்தான் தொட்டுப் பார்க்கிறார். வீட்டிலும் அதே பழக்கம். "காய்ச்சலான்னு தொட்டுப் பாருங்கன்னா, புறங்கைய வெச்சிட்டு, ஓடுன சூடுதான், ஒண்ணுமில்லன்றாரு. நான் என்னா லாரியா?" என்று ஹமீதுன்னிசா உறவுக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் கணவரைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க வைப்பார். ஜமீரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

தொழிலில் மட்டும் சிரிப்பில்லை. "புடிக்கிறது என்னா பெரிய விசயம், கல்ல வெச்சாகூடத்தான் வண்டி நிக்குது. புடிச்சத வுடணும். வுடாத பிரேக்கு வண்டிய எரிச்சிடும்" என்பார். கால் எடுத்ததும் பெடல் எழும்பவில்லையென்றால், சக்கரத்துக்குப் போன ஆயில் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். வழியில் எங்கே மறித்து நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய வேலை.

அவருக்கு ஒரு குறை உண்டு. கேள்விக்குப் பதில் வந்துவிட்டால், அதற்கு மேல் அவர் காது கேட்காது. கடைசியாகக் கை வைத்தவன்தான் கெடுத்தவன். சாலைக்கு அந்தாண்டை நஞ்சம்மா கடையை ஒட்டி ஷெட் போட்டிருக்கும் முனிவேலின் பெயர் பதிலாக வந்தால் அவருக்குக் கொண்டாட்டம். முனிவேல் எல்லா வேலையும் பார்ப்பவன். "பாய்க்கு இருக்கறது கை இல்ல, தெர்மாமீட்டரு. ஆஸ்பத்திரில வேலைக்குச் சேந்துக்கலாம்" என்று அவனும் பதிலுக்கு விடுவான். இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடிப்பார்கள், வெவ்வேறு பெஞ்சில்.

மாங்காய் லோடு வண்டிகள் ஓய்ந்த ஒரு காலையில் டெல்பின் தன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். தளிப் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து கம்பெனியில் ஷிப்டுக்கு விடுகிற வேன் அது. அவளே ஓட்டுகிறாள். வழியில் வண்டி தானாகப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போல ஓடுகிறது. பெண்கள் இரண்டு முறை தாமதமாகப் போய்விட்டார்கள். இன்னொரு முறை ஆனால் டிரிப்பை வேறு வேனுக்குக் கொடுத்துவிடுவதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

"இதான் பாய் எனக்குச் சோறு" என்றாள் அவள்.

ஜமீர் சுற்றிவந்தார். வேன் ஆறிப்போய் வந்திருந்தது. நான்கு சக்கரமும் குளிர்ந்து கிடந்தன. கடைசியாகக் கை வைத்தது யார் என்று கேட்டார். முனிவேல் என்றாள். நீங்கள் வேலூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தீர்கள், அவசரத்துக்கு அவனிடம் விட்டேன், முன்சக்கரத்து பிரேக் ரப்பரெல்லாம் புதிதாக மாற்றினான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அதுக்கு முன்னாடியே கூட..." என்று அவள் ஆரம்பித்தது ஜமீருக்கு எட்டவில்லை. அவர் சாலைப் பக்கம் திரும்பிவிட்டிருந்தார்.

"என்னா முனிவேலு, ரப்பருக்குப் பதிலா இட்லி மாவ வெச்சி அடைச்சியா?"

டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். முனிவேல் எழுந்து தன் ஷெட்டுக்குள் போனான்.

பிடிக்கும்போது பார்த்தால்தான் உண்மை தெரியும் என்று ஜமீரே வேனை எடுத்தார். டெல்பின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வேகத்தடை, பள்ளம், குறுக்கே மாடு என்று மிதித்து மிதித்துப் போனதில், மதகொண்டப்பள்ளி தாண்டி ஓர் ஏற்றத்தில் வேன் முனகியது. பெடல் கல்லாகிவிட்டது. கியரை எடுத்துவிட்டும் வண்டி பின்னால் உருளவில்லை. ஜமீர் இறங்கிப் புறங்கையை நீட்டினார். முன் இடது சுட்டது. முன் வலதும் சுட்டது. பின்னால் போனார். அங்கும் சூடு.

முனிவேல் தொட்டது முன்சக்கரங்களை மட்டும். அவன் கெடுத்திருந்தால் பின்சக்கரங்கள் ஏன் சுட வேண்டும்? நான்கும் ஒன்றாகப் பிடித்தால் கோளாறு நான்குக்கும் பொதுவான இடத்தில், மேலே, ஆயிலைத் தள்ளுகிற சிலிண்டர் பக்கம் இருக்க வேண்டும். பின் டயருக்கு ஒரு கல்லை அணை கொடுத்துவிட்டு, பானட்டைத் தூக்கி, மிதிக்கு வலுக் கூட்டுகிற பூஸ்டரோடு சிலிண்டரைப் பிணைத்திருந்த நட்டுகளைத் தளர்த்தினார். சிலிண்டரைக் கொஞ்சம் முன்னே இழுத்ததும், வேன் பெருமூச்சு விட்டதுபோல அசைந்து பின்வாங்கிக் கல்லில் சாய்ந்தது. சக்கரங்கள் விட்டுவிட்டன.

ஜமீர் அப்படியே நின்றார். பூஸ்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு சின்ன ராடு உண்டு. அது நீண்டிருந்தால், காலை எடுத்த பிறகும் யாரோ லேசாக மிதித்துக்கொண்டே இருப்பது போல. ஆயில் திரும்ப வழியிருக்காது. சூட்டில் அது பெருகப் பெருகப் பிடியும் இறுகும். ஆறினால் தளரும். முனிவேல் அந்தப் பக்கமே போயிருக்கவில்லை. அவனுக்கு முன்பே அந்தப் பூஸ்டரை மாற்றிக் கொடுத்தவர் ஜமீர். "லேசா மிதிச்சதுமே புடிக்கணும் பாய், பின்னால பொம்பளைங்க உக்காந்திருக்காங்க" என்று அன்றைக்கு டெல்பின் கேட்டதற்காக, ராடை இன்னும் ஒரு சுற்று நீட்டி வைத்தவரும் அவர்தான்.

"என்னா பாய் பண்ணி வெச்சிருக்கான் அவன்?" என்றாள் டெல்பின்.

ஜமீர் ராடைக் கழற்றிச் சுற்றைக் குறைத்தார். சின்ன வேலைதான். தப்பு தன்னுடையது என்று சொல்லாமலே பானட்டை மூடிவிட்டாலும் அந்த ஏற்றத்தில் கண்டுபிடிக்க ஆளில்லை. பிறகு தளி வரைக்கும் மிதித்து மிதித்துப் போய்த் திரும்பினார். பெடல் ஒவ்வொரு முறையும் காலோடு எழுந்து வந்தது. முனிவேலை நடுரோட்டில் நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்கப் போவதாக டெல்பின் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். மத்தியான ஷிப்டுக்கு இனிப் பயமில்லை என்ற சந்தோஷத்தில் அவள் குரல் கூடியிருந்தது. "ஏன் பாய், வாயில என்னா வெச்சிருக்கீங்க?" என்று கூடக் கேட்டுவிட்டாள்.

ஒர்க் ஷாப்புக்குள் திரும்ப வேண்டிய இடத்தில் அவர் திரும்பவில்லை. எதிர்ப்பக்கம் வளைத்து, முனிவேலின் ஷெட் வாசலில் வேனை நிறுத்தினார். முனிவேல் ஜாக்கியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த நஞ்சம்மாவின் கை நின்றது.

"இன்னும் என்னா பாய் பாக்கி இருக்குது, சொல்லு" என்றான் முனிவேல்.

காலையில் எந்தச் சத்தத்தில் இட்லி மாவு என்றாரோ, அதே சத்தத்தில் ஜமீர் சொன்னார்: "பூஸ்டர் ராட நீட்டி வெச்சது நான். உன் வேலைல ஒண்ணுமில்ல."

டெல்பின் வேனிலிருந்து தலையை நீட்டி அவரையே பார்த்தாள். முனிவேல் வேனின் சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தான். "சரி. அதுக்கு இப்ப நான் என்னா பண்ணணும்?"

"தளி வரைக்கும் ஓட்டிட்டு வந்திருக்கறன். நீ தொட்டுப் பாத்துச் சொல்லு. அப்பறந்தான் இந்தம்மா டிரிப்புக்குப் போவணும்."

முனிவேல் தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்தான். இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு. ஜமீர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். அவன் துடைத்துக்கொண்டு முன் சக்கரத்தருகே குத்துக்காலிட்டான். அவன் நான்கு சக்கரங்களையும் சுற்றி வருகிறவரை, ஜமீர் தன் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.