வடியவிடாத தண்ணீர்

மழைத் தண்ணீர் கடைக்குள் வந்துவிட்டால் என்ன செய்வது என்று தி. நகரில் எங்கள் சந்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் தையல் கடையில் மிஷின் மோட்டார் மேசை மேல் ஏறும், துணி மூட்டைகள் பரணுக்குப் போகும், நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியோடு இறங்குவேன். அந்த ஐப்பசி மழையிலும் அப்படித்தான். விடிந்து மழை விட்டதும் சந்தே வாளியும் கையுமாக நின்றது.

பக்கத்து நகைப் பட்டறைக்காரர் மட்டும் வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் உள்ளே வராமல் இருக்க அல்ல. உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகாமல் இருக்க!

எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அதன் அடியில் எலி போட்ட ஓட்டை ஒன்று உண்டு. நான் இறைக்க இறைக்க அவர் தண்ணீர் அந்த வழியாக என் பக்கம் வந்துகொண்டே இருந்தது. கல்யாண வீட்டு ரவிக்கைகள் தைத்து முடிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பெண்ணின் அம்மா வேறு குரல் மேல் குரலாக அனுப்பிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"இன்னா தம்பி, உள்ள மீன் வளக்கப் போறியா? தண்ணிய வெளிய வுடுப்பா!" என்று கத்தினேன்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. தண்ணி தெளியட்டும். அப்புறம் மேல்தண்ணிய மெதுவா மொண்டு ஊத்திடறேன்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். நான் தண்ணீர் உறிஞ்சுகிற கார்ப்பரேஷன் மோட்டார் வண்டிக்குப் போன் போட்டேன். வெட்டித் தள்ளிய துணித்துண்டு மூட்டை ஒன்று கிடந்தது. அதைப் பிரித்து ஓட்டையில் திணித்தேன். அதற்கப்புறமும் தண்ணீர் துணி வழியாகக் கசிந்தது. பழையபடி கொட்டவில்லை, அவ்வளவுதான்.

மத்தியானம் அவர் மனைவி சோறு கொண்டுவந்தாள். என்னிடம் ரவிக்கை தைப்பவள்தான். ஒரு வருஷமாக, "கழுத்த இன்னும் ஏத்தித் தைங்கக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ நடிகையைப் பார்த்துச் சொல்கிறாள் என்று கிண்டல் செய்திருக்கிறேன். அன்றைக்கு வீட்டில் கிடந்த பழைய ரவிக்கையோடு வந்துவிட்டாள் போல. குனிந்து மணல் மூட்டையைத் தாண்டும்போது மஞ்சள் கயிறு வெளியே விழுந்தது. தாலி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு தொங்கியது.

நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். என் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "அவரு கண்ணு ஆபரேஷனுக்கு வித்துட்டோம்கா" என்றாள். கண் இல்லாமல் நகை வேலை ஏது? பட்டறையில் நகையை அரத்தால் ராவும்போது உதிர்கிற பொன் தூள் தரையில் விழும். அந்த மண்ணைப் பெருக்கி, கை கழுவிய தண்ணீரின் வண்டலோடு வருஷம் முழுக்கச் சேர்த்துவைப்பார்கள். பிறகு எரித்து, அரித்து, உருக்கினால் கொஞ்சம் பொன் தேறும். இந்த வருஷத்து மண்ணில் தாலி செய்து தருவதாக அவர் சொல்லியிருந்தார்.

"அந்த மண்ணு மூட்டை தண்ணில ஊறிக் கிழிஞ்சு போச்சுக்கா. எல்லாம் அந்தத் தண்ணிலதான் கீது. வெளிய தெரிஞ்சா ஆளாளுக்கு வந்து மொண்டுக்கினு போவாங்கன்னு பயப்படறாரு."

வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

சாயங்காலம் பார்த்து மோட்டார் வண்டி வந்தது. நான் பட்டறை வாசலில் போய் நின்றுகொண்டேன். "நைனா, இங்க ஒண்ணும் இல்ல. ஸ்கூலாண்ட இடுப்பளவு நிக்குது, அங்க போ."

"காலைல போன்ல அந்தக் கத்து கத்தினது நீதானேக்கா? பின்னாடி குளம் மாதிரி கீது?"

"கீது. அதுக்கு இன்னா இப்ப? எங்க குளம், நாங்க பாத்துக்கிறோம்."

அவன் தலையில் அடித்துக்கொண்டு போனான். தண்ணீர் தெளிய இரண்டு நாளாயிற்று. அவர் மேல்தண்ணீரைச் சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றி, அடியில் தங்கிய சேற்றை வழித்து மொட்டை மாடியில் காயவைத்தார். எரித்து, அரித்து, உருக்கினார். எதிர்பார்த்ததில் பாதிகூடத் தேறவில்லை. அவள், "போவுது வுடுங்க" என்று அவருக்கே ஆறுதல் சொன்னாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் என் கடைக்கு ஓடிவந்தார். "அக்கா, ஓட்டைல அடைச்சீங்களே துணி, அது எங்க? தண்ணியெல்லாம் அது வழியாத்தானே வந்துச்சு!"

நாற்றம் தாங்காமல் முந்தின நாளே தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டிருந்தேன். மூன்று பேரும் ஓடினோம். மழையால் குப்பை வண்டி வரவில்லை. அதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். அழுகின வாழையிலை, ஊறிப்போன தலையணை என்று சகலமும் துணிக்கு மேல் கிடந்தது. என் துணி எனக்குத் தெரியாதா? தோள் வரை கையை விட்டு, கிளிப்பச்சையும் அரக்குமாக ஒவ்வொரு துண்டாக இழுத்துப் போட்டேன். அவற்றைக் காயவைத்து எரித்தார். அந்தச் சாம்பலில் வந்ததையும் சேர்த்து உருக்கிவிட்டு, சின்னதாக ஒரு பொட்டுத் தாலிக்குப் போதும் என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் அவள் தட்டோடு வந்தாள். தட்டில் புதுத் தாலி, மஞ்சள் கயிறு, குங்குமம். "கோத்துக் குடுங்கக்கா" என்றாள்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் போய்ப் பல வருஷமாகிறது. இந்த மாதிரிக் காரியங்களில் நான் முன்னால் போய் நிற்பதில்லை. யாரும் கூப்பிடுவதும் இல்லை. "வெளையாடாத. மாடி வீட்டு அம்மா நல்லா வாழறவங்க, அவங்ககிட்ட போ" என்றேன்.

"குப்பைத் தொட்டில கைய வுட்டது மாடி வீட்டு அம்மாவா?" என்று கேட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கயிற்றை எடுத்துக் கோத்தேன், முடிச்சுப் போட்டேன், அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. என் முன்னால் தலையைக் குனிந்து, கழுத்தை நீட்டி நின்றாள்.