ஒட்டுப்பால் கட்டின கார்

இல்லலா தங்கச்சி, ஒன் மருமகன் சொல்றது சுத்தப் பொய். நேத்து பேட்டரிய மாத்துனான், இன்னிக்கி பிளக்க மாத்துறான், காருக்கு அடியில குனிஞ்சு பாத்தானா? தண்ணி சொட்டிக் கெடக்கு, என் கோழி வந்து குடிச்சிட்டுப் போவுது.

எங்க ரப்பர் தோட்டத்துல கணக்கெழுதுன கிராணியும் இப்படித்தான். அசாம் ஜாவா பக்கம், கம்யூனிஸ்டுக்காரன் காட்டுல ஒளிஞ்சிருந்த அவசரகாலம். நாங்க குடியிருந்த லயத்தச் சுத்தி முள்ளுக்கம்பி. ஆறு மணிக்குக் கேட்ட சாத்திட்டா விடியிற வரைக்கும் யாரும் வெளிய போவ முடியாது. என் மூத்தவளுக்கு ரெண்டு வயசு. மூணு நாள் காய்ச்சல், அன்னிக்கி சாயங்காலம் வலிப்பு வந்து கண்ணு மேல சொருகிருச்சு. ஒடனே கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன்னுட்டாரு தோட்டத்து மருந்துக்காரரு. லோரி ரப்பர் ஏத்திட்டுப் போயிருச்சு. இருந்தது கிராணியோட குட்டிக் காரு ஒண்ணுதான்.

அந்தக் கார நெனச்சாலே குமட்டும். மனுசன் சுருட்டுக் குடிச்சி உள்ளேயே துப்புவாரு. சீட்டெல்லாம் தலையெண்ண பிசுபிசுன்னு ஒட்டும். புள்ளய மடியில போட்டு, மூக்கப் பொத்திக்கிட்டு ஒக்காந்தேன். கேட்டுக்குப் போற மேட்டுல பொகைஞ்சு நின்னுருச்சு. பிளக்கக் கழட்டித் தொடச்சாரு. பெட்ரோல் குழாய வாயில வச்சி உறிஞ்சி என் காலுகிட்டயே துப்புனாரு. தூ!

"ஐயா, வந்த வழியெல்லாம் தண்ணி சொட்டியிருக்குங்க"ன்னேன்.

"மரஞ்சீவுறவளுக்கு மோட்டார் பத்தி என்னா தெரியும்? வாய மூடு"ன்னாரு.

சொல்லிட்டு, கொதிக்கிற ரேடியேட்டர் மூடியத் தொறந்தாரு. ஆவி குபுக்குன்னு கையில அடிச்சிது. அப்பறம் வாய மூடுனது அவருதான்.

நான் புள்ளய அவருகிட்டக் குடுத்துட்டுக் குனிஞ்சு பாத்தேன். ரேடியேட்டர்லேருந்து போற ரப்பர் குழாயி வெரலு நீளத்துக்குக் கிழிஞ்சிருக்கு. சூடு தணியிற வரைக்கும் எனக்குத்தான் உசிரு போச்சு. முந்தானையக் கிழிச்சி, பக்கத்து ரப்பர் மரத்துல கட்டியிருந்த மங்குல கடைசியா வடிஞ்சிருந்த பால்ல தோச்சிச் சுத்துனேன். ரோட்டோரம் யாரோ போட்டு வச்ச ஒட்டுப்பால் சாக்கு, மரத்துலயும் மங்குலயும் ஒறைஞ்சு ஒட்டுன ரப்பர் பாலு. ஒட்டுப்பால் நாத்தம் ஒனக்குத் தெரியாது, நீ டவுனுக்காரி. நாளாச்சுன்னா புழு நெளியும். அத இழுத்து இழுத்து மேல சுத்தி, மங்குக் கம்பியால முறுக்குனேன். கிராணியோட தொப்பியிலயே ரோட்டோரக் கான்ல ஓடுன தண்ணிய அள்ளி ரேடியேட்டர்ல ஊத்துனேன். மூடிய மட்டும் இறுக்க விடல. ஆவி முட்டுனா கட்டு பிச்சுக்குமே, சோத்துப்பானை மாதிரி.

கேட்டுக்கு வர்றப்ப ஆறடிக்கப் போவுது. அங்க ஒவ்வொரு ஆளா எறக்கி, காட்டுல உள்ளவனுக்கு அரிசி கொண்டு போறோமான்னு சீட்டக்கூடத் தூக்கிப் பாப்பானுங்க. எங்களக் கொடைஞ்சா நேரம் போயிரும், கேட்டச் சாத்திருவான். ஆனா அந்த ஒட்டுப்பால் சூட்டுல வெந்து எழும்புச்சு பாரு ஒரு நாத்தம்! போலீசு கிட்ட வந்தான், உள்ள என்னா செத்துக் கெடக்குன்னு மலாயில கேட்டான், தொப்பியால மூக்கப் பொத்திக்கிட்டுப் போ போன்னு வெரட்டுனான். நான் வழியெல்லாம் வாந்தி. கிராணிக்கும் வாந்தி. நல்லா வேணும்.

ஊசி போட்டாங்க, விடியறதுக்குள்ள புள்ள கண்ணத் தொறந்து தண்ணி கேட்டுச்சு. மறுநாள் கிராணி லயம் முழுக்க அந்தக் குழாயத் தானே கட்டுனதாச் சொல்லித் திரிஞ்சாரு. த்தூ.

அந்தப் புள்ளதான் இப்ப உள்ள துணி மடிக்குது. ஒன் மருமகனக் குனிஞ்சு அந்தக் குழாயப் பாக்கச் சொல்லு. இரு, மழ தூத்தப் போடுது, காயப்போட்ட கருவாட அள்ளிட்டு வந்துர்றேன்.